தேக்கு பரணிலேயே இருக்கட்டும்

கேள்வி: ஐயா, தஞ்சாவூரில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. கடையில் வாங்கிய புத்தக அலமாரியின் தட்டுகள் இரண்டே வருடத்தில் நடுவில் தொய்ந்துவிட்டன. மேலே ஒட்டியிருந்த தாள் பிரிந்ததும்தான் தெரிந்தது, உள்ளே இருப்பது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. இனி வீட்டுக்கு வேண்டிய மரச் சாமான்களை நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் தவிர வேறெதையும் பிடித்துப் பழக்கமில்லை.

கும்பகோணம் பக்கத்தில் தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்குக் கதவுகள் இரண்டு பரணில் கிடக்கின்றன. அவற்றில் ஒரு சாப்பாட்டு மேஜை செய்ய ஆசை. யூடியூபில் பார்த்தால் அறை நிறைய மெஷினை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இருப்பது பத்தடிக்கு நாலடி பால்கனி. கீழ்வீட்டில் கைக்குழந்தை. எங்கே தொடங்குவது? எந்த மரம்? என்னென்ன கருவி? மேஜையா, அலமாரியா, எது முதலில்?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: டீச்சர், இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு பெஞ்சு செய்யுங்கள். அடுத்தது அலமாரி. மேஜை மூன்றாவது. தேக்கு அதுவரை பரணிலேயே இருக்கட்டும். முதல் அறுப்பு கோணலாகத்தான் போகும். அது விலை குறைந்த மரத்தில் போகட்டும். தாத்தா வீட்டுத் தேக்கில் கோணல் விழுந்தால் மனசு விட்டுப்போய், கருவிகளையும் பரணில் ஏற்றிவிடுவீர்கள்.

ஆனால் இன்றைக்கே ஒரு கதவை மட்டும் இறக்கி வெளிச்சத்தில் சாய்த்து வையுங்கள். அதில் உங்களுக்கு முதல் பாடம் இருக்கிறது. சுற்றிலும் கனமான சட்டம். நடுவில் மெல்லிய பலகைகள். பலகையும் சட்டமும் சேரும் ஓரத்தைக் கவனியுங்கள். பெயின்ட் அடித்த கதவு என்றால், பலகையின் இடது வலது ஓரங்களில் பெயின்ட் படாத வெறும் மரம் ஒரு கோடாகத் தெரியும், அரை நூல் அகலத்துக்கு. (தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்.) மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அந்தக் கோடு பெரும்பாலும் இருக்காது. பெயின்ட் அடித்த நாளில் சட்டத்தின் காடிக்குள் மறைந்திருந்த பகுதி அது. பலகை சுருங்கியதும் வெளியே வந்திருக்கிறது. அதுவும் அகலவாக்கில் மட்டும்.

மரம் அசையும்

வெட்டி அறுத்துப் பல வருடம் ஆன மரமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், விடும். ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் ஒடுங்கும். இந்த அசைவு நாரின் குறுக்கேதான். நார் ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது நீளத்தில் 0.1 அல்லது 0.2 சதவீதம் குறையும். அகலத்தில் 2.5 முதல் 5.8 சதவீதம் வரை குறையும்; எவ்வளவு என்பது மரத்தின் வளையங்களுக்கு எந்தப் பக்கமாகப் பலகை அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இத்தனைக்கும் தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கியது.

உங்கள் மேஜைக்கு இதைக் கணக்குப் போடுவோம். மேல்பலகை 90 செ.மீ. அகலம். மழைக்கும் வெயிலுக்கும் நடுவே மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால், அகலம் 6, 7 மி.மீ. வரை கூடிக் குறையும். அந்தப் பலகையைக் கீழே குறுக்குச் சட்டத்தோடு பசை போட்டு, ஸ்க்ரூ அடித்து இறுக்கிவிட்டால் அதற்குப் போக இடம் கிடையாது. வெயில் காலத்தில் ஒருநாள் நடுவில் வெடிக்கும். எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் இதை அடக்க முடியாது.

கதவு செய்த தச்சர் பலகையைக் காடிக்குள் பசையில்லாமல் செருகியதற்குக் காரணம் இதுதான். சட்டத்தைக் கழுந்தும் துளையுமாகக் கோத்து இறுக்கினார்; பலகையை அசைய விட்டார். எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் பாதி. மீதிப் பாதி கோட்டில் அறுப்பதும் கருவி தீட்டுவதும். இரண்டும் கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

எந்த மரம்?

பெஞ்சுக்கு ரப்பர் மரப் பலகை போதும். சிறு துண்டுகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து, அகலமான தகடாக ஒட்டி விற்கிறார்கள். நேராக இருக்கும், இழைத்தே வரும். ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: பதப்படுத்தியதா? பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சி உளுக்க வைத்துவிடும்.

இன்னும் மலிவாகப் பழக வேண்டுமென்றால், இறக்குமதிச் சரக்கோடு வரும் பைன் மரத் தட்டுகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு வாயு ஏற்றியது, வீட்டுக்குள் வேண்டாம்.

மரவாடிக்குப் போனால் விலை கன அடிக் கணக்கில் சொல்வார்கள். ஆறடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள பலகை எவ்வளவு? 6 × 9 × 1 = 54; அதை 144ஆல் வகுத்தால் 0.375 கன அடி. இந்தக் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். அறுத்த பலகை இழைத்தால் மெலியும். ஓர் அங்குலம் வாங்கினால் முக்கால்தான் கையில் நிற்கும். பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து, ஒரு கண்ணை மூடி மறுமுனை வரை நோக்குங்கள். வளைவும் முறுக்கும் அப்போது தெரிந்துவிடும். வளைவையாவது இழைத்துச் சரிக்கட்டலாம். முறுக்கிய பலகையைத் தொடாதீர்கள். ஓரத்தில் வெளிறிய வெள்ளை அதிகமிருந்தாலும் வேண்டாம். உளு முதலில் அங்கேதான் ஏறும். வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுங்கள்.

வாங்கிய பலகையை அன்றைக்கே அறுக்காதீர்கள். நடுநடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வைத்து, காற்றுப் போகும்படி அடுக்கி, இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் கிடக்க விடுங்கள். உங்கள் வீட்டு ஈரத்துக்கு அது பழகட்டும்.

என்னென்ன கருவி?

டேப், மூலைமட்டம், கூரான பென்சில். பல் பொடியாக உள்ள கைரம்பம் ஒன்று. நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி. ஓர் அங்குல உளி. இரண்டு முகமுள்ள சாணைக்கல், ஒரு பக்கம் கொரகொரப்பு, மறுபக்கம் நைஸ். பேட்டரி டிரில். நான்கு கிளாம்ப். உப்புத்தாள் 80, 120, 180 எண்களில். பசைக்கு ஃபெவிகால் என்று கேட்டால் கடையில் தரும் வெள்ளைப் பசையே போதும். இதில் டிரில்லுக்குத்தான் அதிகச் செலவு. பணம் குறைந்தால் டிரில்லில் குறையுங்கள். மூலைமட்டத்திலும் ரம்பத்திலும் குறைக்காதீர்கள்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். நேரான ஓரமுள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள். அப்படியே புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வாங்குங்கள். விரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

புது உளி கூராக வராது. அதன் சரிவு 25 டிகிரியில் இருக்கும். வெட்டுவாயை மட்டும் 30 டிகிரியில் கல்லில் தீட்ட வேண்டும். முதலில் கொரகொரப்புப் பக்கம். மறுபுறத்தில் விரலை வைத்துத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு உளியின் அகலம் முழுக்க வந்தபின் நைஸ் பக்கத்துக்கு மாறி, முதுகையும் கல்லில் படுக்கவைத்து நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். பலகையின் வெட்டு முனையைச் சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் பளபளப்பாகச் சீவினால் கூர் வந்துவிட்டது. மொண்ணை உளிதான் ஆபத்து: அழுத்த வேண்டியிருக்கும், வழுக்கும், மறுகையில் பாயும். தீட்டிய உளியானாலும் அதன் முன்னால் கை வைக்காதீர்கள். மரத்தைக் கிளாம்ப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஒன்றை வாங்கவே வேண்டாம். மார்பிள் அறுக்கும் கை மெஷினிலும் கிரைண்டரிலும் மர பிளேடு மாட்டி வேலை செய்வதை நம் ஊரில் நிறையப் பார்த்திருப்பீர்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். காப்பு மூடியையும் பல பேர் கழற்றிவிடுகிறார்கள். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை மீறித் திரும்பும். பழகிய தொழிலாளிகளே விரலை இழந்திருக்கிறார்கள்.

கீழ்வீட்டுக் குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். கைரம்பமும் இழைப்புளியும் தூக்கத்தைக் கெடுக்காது. கீழே கேட்பது கொட்டாப்புளியின் இடி. நான் சொல்லும் பெஞ்சில் கொட்டும் வேலையே கிடையாது.

பெஞ்சு

மொத்தம் ஆறு துண்டு, எல்லாம் 18 மி.மீ. பலகையில், ரீப்பர் மட்டும் 25 மி.மீ. தடிமன்.

உட்காரும் பலகை ஒன்று: 90 × 28 செ.மீ.
கால் பலகை இரண்டு: 42 செ.மீ. உயரம், 26 செ.மீ. அகலம், நார் மேலும் கீழுமாக ஓட வேண்டும்.
நடுச்சட்டம் ஒன்று: 10 செ.மீ. உயரம், ஏறக்குறைய 62 செ.மீ. நீளம்.
ரீப்பர் இரண்டு: 24 செ.மீ. நீளம்.

கால்கள் பலகையின் இரு முனைகளிலிருந்தும் 12 செ.மீ. உள்ளே தள்ளி நிற்கும். நடுச்சட்டம் இரு கால்களுக்கும் இடையே, பலகையின் அடியில், நடுக்கோட்டில் நீளமாக ஓடும். ரீப்பர் ஒவ்வொரு காலின் வெளிப்பக்கத்திலும் பலகையும் காலும் சேரும் மூலையில் குறுக்காக உட்காரும். உயரம் ஏறக்குறைய 44 செ.மீ. வரும், நாற்காலியின் உயரம்தான்.

அறுப்பதற்கு முன், ஒரு வீண் பலகையில் மூலைமட்டம் வைத்து வரிசையாகக் கோடு போட்டு அறுத்துப் பழகுங்கள். ரம்பத்தின் பல் தின்னும் தடிப்பு, கோட்டுக்கு வெளியே, வேண்டாத பக்கத்தில் விழ வேண்டும். கோட்டின் பாதி உங்கள் துண்டில் மிஞ்சினால் சரியான அறுப்பு. முழங்கை, ரம்பம், கோடு மூன்றும் ஒரே நேரில் இருக்க நில்லுங்கள். ரம்பத்தை அமுக்காதீர்கள், நீளமாக இழுத்துத் தள்ளினால் அதன் எடையே அறுக்கும்.

இரண்டு கால்களையும் தனித்தனியாக அளக்காதீர்கள். ஒன்றை அறுத்து, அதை மற்றதன் மேல் வைத்துக் குறியுங்கள். அப்படியும் மயிரிழை பிசகினால், இரண்டையும் சேர்த்துக் கிளாம்பில் பிடித்து ஒன்றாக இழையுங்கள். நடுச்சட்டத்தின் நீளத்தையும் டேப்பில் பார்க்காமல், கால்களை அந்தந்த இடத்தில் நிறுத்திவைத்து நேரடியாகக் குறியுங்கள். டேப்பை நம்புவதைக் குறைக்கக் குறைக்க மூட்டு பொருந்தும்.

ஸ்க்ரூவுக்கு முன்துளை கட்டாயம். 8ஆம் நம்பர் ஸ்க்ரூ என்றால் மேல் துண்டில் 4.5 மி.மீ., உள்ளே இறங்கும் துண்டில் 3 மி.மீ. முன்துளை இல்லாமல் முடுக்கினால் ஓரம் பிளக்கும். காலின் வெளியிலிருந்து நடுச்சட்டத்துக்கு, பக்கத்துக்கு இரண்டு, 50 மி.மீ. ஸ்க்ரூ, பசையும் போடுங்கள். நடுச்சட்டத்துக்கும் உட்காரும் பலகைக்கும் நீளம் முழுக்கப் பசை போட்டுக் கிளாம்பில் இறுக்கி ஓர் இரவு விடுங்கள். இரண்டிலும் நார் ஒரே திசையில் ஓடுவதால் சேர்ந்தே அசையும். இங்கே பசை பாதுகாப்பு.

ரீப்பரில் நிலைமை வேறு. அதன் நார், பலகையின் அகலத்துக்கு நேராக ஓடுகிறது. பலகை உப்பி ஒடுங்கும், ரீப்பர் அசையாது. 28 செ.மீ. அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் வரலாம். அதனால் பசை கூடாது. மூன்று ஸ்க்ரூ போடுங்கள். நடு ஸ்க்ரூ இறுக்கமாக. இரு முனை ஸ்க்ரூக்களுக்கும் ரீப்பரில் பக்கம் பக்கமாக இரண்டு துளை போட்டு, நடுவே உளியால் சீவி, ரீப்பரின் நீளவாக்கில் நீள்துளையாக்குங்கள். பலகை அசையும்போது ஸ்க்ரூ அதற்குள் நகரும். காலோடு சேரும் பக்கத்திலும் இதே முறை. ஸ்க்ரூ 38 மி.மீ. நீளம் போதும்: 25 மி.மீ. ரீப்பரைக் கடந்து 13 மி.மீ. பலகைக்குள் இறங்கும், மறுபக்கம் எட்டிப் பார்க்காது.

உப்புத்தாளை நார் ஓடும் திசையில் மட்டும் தேயுங்கள், 80, 120, 180 என்ற வரிசையில். முகமூடி கட்டாயம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. கடைசியில் ஆளிவிதை எண்ணெய் அல்லது பாலியூரித்தேன் பூச்சு, அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. மேலே மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் ஏறி, மறுபக்கம் ஏறாமல் பலகை வளையும்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

அலமாரியும் மேஜையும்

அலமாரிக்கு 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட் எடுங்கள். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அசைவு மிகக் குறைவு. ஐ.எஸ். 303 முத்திரை போதும், ஐ.எஸ். 710 கொதிநீரையும் தாங்கும் ரகம், சமையலறைத் தொட்டியடிக்கு. எட்டுக்கு நாலடித் தகட்டை மாடிக்கு ஏற்றாமல், அளவு எழுதிக் கொடுத்துக் கடையிலேயே அறுத்து வாங்குங்கள். ஒவ்வோர் அறுப்புக்கும் 3 மி.மீ. விட்டுக் கணக்கிடுங்கள்.

உங்கள் பழைய அலமாரி தொய்ந்ததற்குத் தூள் பலகை பாதிக் காரணம். தட்டின் நீளம் மீதி. தட்டு ஒன்றரை மடங்கு நீண்டால், அதே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கும்போது தொய்வு ஐந்து மடங்காகும். 75 செ.மீ. தாண்ட வேண்டாம். முன் ஓரத்தில் 4 செ.மீ. உயரமுள்ள மரப்பட்டை ஒன்றை ஒட்டினால் தட்டு இன்னும் விறைக்கும். பின்னால் 6 மி.மீ. பிளைவுட் அடித்தால் அலமாரி பக்கவாட்டில் ஆடாது. ஆளுயரம் என்றால் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போடுங்கள்.

இவ்வளவும் கைவந்தபின் தேக்கை இறக்கலாம். பழைய பெயின்டை உலர உப்புத்தாள் போடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவு அதற்கு எவ்வளவோ முந்தியது. பெயின்ட் நீக்கும் குழம்பைத் தடவி ஈரத்தோடு சுரண்டுங்கள். காந்தம் வைத்து ஆணி தேடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்து, உடனே பசை போடுங்கள். மேஜை உயரம் 75 செ.மீ., ஆளுக்கு 60 செ.மீ. இடம். மேல்பலகையைச் சட்டத்தோடு சேர்க்கும்போது பெஞ்சு ரீப்பரில் செய்த அதே நீள்துளை.

கடைசியாக ஒன்று. உளி தீட்டுவதைப் படித்துத் தெரிந்துகொள்வது கடினம். கை பிடிக்கும் கோணத்தைப் பக்கத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் வேலை செய்யும் தச்சர் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்து, “வேலை எதுவும் வேண்டாம், இந்த உளியையும் இழைப்புளியையும் எனக்குத் தீட்டிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார். பிறகு கல்லை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கருவிப் பட்டியலில் நான் முதலில் எழுதியிருக்க வேண்டிய செலவு அந்தக் கூலிதான்.